பாளையப் படைகளின் கதை – 11: சீருடையற்ற சேனை

கோவில்பட்டியிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டு, எட்டயபுரத்தைக் கடந்து, பிறகு தெற்கே திரும்பி ஒட்டப்பிடாரத்தின் வழியாகப் பாஞ்சாலங்குறிச்சியை அடைகின்ற யாத்திரிகனுக்கு, ஒரு பாளையம் முடிந்து மறு பாளையம் தொடங்கிய இடம் இதுவென்று காட்டத்தக்க ஆறோ, மலையோ வழியில் எதிர்ப்படுவதில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே கரிசல். அதில் பருத்தியும் கம்பும் சோளமும். ஊருக்கொரு கண்மாய், கரையில் உடைமரங்கள். இவ்விரு பாளையங்களின் அதிபதிகளும் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டு தமிழ் மண்ணில் வேரூன்றிய கம்பளத்து நாயக்கர் மரபினர். அம்மரபினரின் வீட்டுக் கல்யாணமென்றால் எங்கும் முழங்குவது அதே உறுமி, ஆடுவது அதே தேவராட்டம், வணங்குவது அதே ஜக்கம்மாள். இருந்தும் 1799-இலும் 1801-இலும் இந்தக் கரிசலில் நடைபெற்ற யுத்தத்தில் ஒன்று கிழக்கிந்தியக் கும்பினியை எதிர்த்தும் மற்றொன்று கும்பினிக்குத் துணையாகவும் நின்றன.

அந்த யுத்தத்தை வெள்ளையருக்கும் நமக்கும் நிகழ்ந்ததென்றே நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். அது பொய்யன்று, ஆயினும் முழு மெய்யும் அன்று. நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர், ஏழாயிரம்பண்ணை ஆகிய பாளையங்கள் பாஞ்சாலங்குறிச்சியின் பக்கம் நின்றன. எட்டயபுரமும் மணியாச்சியும் மேல்மாந்தையும் கும்பினியின் பக்கம் நின்றன. அண்டை ஊரான் அண்டை ஊரானோடு பொருத இந்தச் சண்டையை உள்நாட்டுப் போர் என்று அழைப்பதில் நமக்குச் சங்கடம் இருக்கலாம். களத்தில் நின்று ஈட்டி பிடித்தவனுக்கு அது அப்படித்தான் இருந்திருக்கும்.

1799 அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் வீரபாண்டியக் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதோடு சென்ற அத்தியாயத்தை நிறுத்தினோம். அவனுடைய தம்பி ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பிவந்து நடத்திய 1801-ஆம் ஆண்டுப் போரைச் சொல்லப் புகுமுன், அப்போரில் எதிரெதிரே நின்ற சேனைகள் எத்தகையவை, அவை எதை உடுத்தின, எந்தக் கொடியின்கீழ் நடந்தன என்பதைச் சற்று விரிவாகப் பார்த்துவிடுவது நல்லது.

பாளையக்காரரின் சேனை மாதச் சம்பளத்துக்கு ஆள் சேர்த்து, கொட்டடியில் அடைத்து, தினந்தோறும் கவாத்துப் பழக்கிய சேனையன்று. மதுரையில் விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் கோட்டையின் 72 கொத்தளங்களுக்கு 72 பாளையங்கள் என்று வகுத்த காலந்தொட்டே, போர்ச் சேவைக்குக் கூலியாக அமைந்தது நிலம். பாளையக்காரர் தமக்கு மேலான அரசருக்குப் படை அனுப்பக் கடமைப்பட்டவர். அவருக்குக் கீழ்ப்பட்ட வீரனோ, தான் உழுது உண்ணும் அமர மானியத்துக்கு ஈடாக, சேர்வைக்காரர் என்னும் படைத்தலைவரின் அழைப்பு வந்த மாத்திரத்தில் தன் ஆயுதத்தைத் தானே எடுத்துக்கொண்டு வந்து நிற்கக் கடமைப்பட்டவன். கும்பினியின் எழுத்தர்கள் இவர்களைப் பியூன்கள் என்று தங்கள் கடிதங்களில் எழுதினார்கள். ஊரிலோ இவர்கள் சம்சாரிகள். ஐப்பசியில் மழை விழுந்ததும் விதைத்து, தை மாசியில் தானியம் அறுத்து, அதன்பின் வெடித்த பருத்தியை எடுத்து வீடு சேர்க்கிற குடியானவர்களே, இடையில் கொம்பு ஊதக் கேட்டால் படைவீரர்களாகிவிடுவார்கள். 1801-ஆம் ஆண்டுப் போர் தை மாதத்தில் தொடங்கி வைகாசியில் ஒரு கட்டத்தை எட்டியது என்பதை நினைவிற் கொண்டால், அந்த வருஷம் இந்தப் பிரதேசத்தில் எத்தனை புன்செய்களில் பருத்தி எடுக்க ஆளின்றிப் போயிருக்கும் என்பது தானே விளங்கும்.

இத்தகைய சேனைக்குச் சீருடை எங்கிருந்து வரும்? உழவுக்குப் போகும்போது முழங்காலுக்கு மேலே தூக்கி இறுக்கிக் கட்டிய வேட்டியும் வெயிலுக்குச் சுற்றிய முண்டாசுமே போருக்குமான உடை. வீரனைக் குடியானவனிடமிருந்து பிரித்துக் காட்டியது அவன் கையில் இருந்த கருவி ஒன்றே. நீண்ட ஈட்டியும் வல்லயமும் இந்தப் பாளையங்களுக்குரிய விசேஷ ஆயுதங்கள். வாளும் கட்டாரியும் திரி வைத்துச் சுடும் துப்பாக்கியும் அவற்றுக்குத் துணை. வடக்கே சிவகங்கைச் சீமையில் வளரியும் உண்டு. கும்பினிப் படையில் இளம் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், ஈட்டி எறியவும் வளரி வீசவும் மருது சகோதரர்களின் சிநேகத்திலேயே தாம் கற்றுக்கொண்டதாகப் பிற்காலத்தில் எழுதிவைத்தார். கற்பித்தவர்களையே எதிர்த்துப் போர் செய்யவும், அவர்கள் தூக்கில் தொங்குவதைப் பார்க்கவும் நேர்ந்த அந்த மனிதர், 1830-இல் வெளியான தம்முடைய ராணுவ நினைவுகளில் அவர்களை இகழ்ந்து ஒரு சொல்லும் எழுத மனம் வராதவராகவே காணப்படுகிறார்.

கொடியின் கதை வேறு. கொடி, குடை, பல்லக்கு, நகரா முதலியவை அதிபதிக்குரிய விருதுகள். மேலரசன் மனமுவந்து கொடுத்தவை, அல்லது முன்னோர் வென்று கொண்டவை. இராமநாதபுரம் சேதுபதிகளின் சாசனங்களில் அனுமக்கொடியும் கருடக்கொடியும் அவர்களுடைய பிருதுகளோடு சேர்த்தே பேசப்படுகின்றன. கொடி பறக்கிற இடத்தில் அதிபதி இருக்கிறார் என்பது பொருள். கொடியை மாற்றுவதென்றால் விசுவாசத்தை மாற்றுவதென்பதே பொருள் என்பதற்கும் இந்தச் சீமையிலேயே திருஷ்டாந்தம் உண்டு. கும்பினிக்காகப் பாளையங்களை அடக்கிய கம்மந்தான் யூசுப்கான், தன் எஜமானர்களோடு முரண்பட்டு 1763-இல் மதுரைக் கோட்டையில் தனித்து நின்றபோது, அங்கே ஏற்றியது பிரெஞ்சுக்காரரின் கொடியை.

ஆனால் களத்தின் நடுவே, புழுதி எழுந்த பின்பு, வீரனை நடத்தியது கொடியைவிட ஓசைதான் என்பது என் அபிப்பிராயம். கட்டபொம்மன் திருச்செந்தூர் முருகனுக்கு நைவேத்தியம் ஆன செய்தி வந்த பின்பே உணவு கொள்வானென்றும், அதற்காக அங்கிருந்து பாஞ்சாலங்குறிச்சி வரை மண்டபங்கள் கட்டி மணி தொங்கவிட்டு, ஒரு மணியோசை கேட்டு அடுத்த மணியை அடிக்கும்படி ஏற்பாடு செய்திருந்தானென்றும் இந்தப் பக்கத்தில் வழங்கும் ஐதிகத்தை நேயர்கள் கேட்டிருப்பார்கள். பக்திக்குச் செய்த ஏற்பாடு போருக்கும் உதவியிருக்கும் அல்லவா? மரம் அடராத இந்தச் சமவெளியில் முரசின் ஒலி எத்தனை தூரம் போகும் என்பது கரிசல்காட்டில் ராத்திரி நேரத்தில் நடந்தவர்களுக்குத் தெரியும்.

எதிர்ப்பக்கத்தைப் பார்ப்போம். கும்பினியின் சென்னைச் சிப்பாய்க்குச் சிவப்புச் சட்டை, நீலத் தலைப்பாகை, முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடுகிற வெள்ளைக் குட்டைக் காற்சட்டை, காலில் செருப்பு. அவனும் பெரும்பாலும் தமிழ், தெலுங்கு நாடுகளில் பிறந்தவனே. அவனோடு வந்த அரசாங்கத்து வெள்ளைப் பட்டாளங்களில் 74-ஆவது படைப்பிரிவினர் ஸ்காட்லாந்தின் மலைநாட்டார். தங்கள் மலைநாட்டுக்குரிய கட்டம் போட்ட அரையுடையை இந்திய வெயிலுக்கு அஞ்சித் துறந்து, வெள்ளைக் காற்சட்டைக்கு மாறியவர்கள். ஒவ்வொரு பட்டாளத்துக்கும் இரண்டு கொடிகள்: ஒன்று அரசருடையது, மற்றொன்று அந்தப் பட்டாளத்துக்கே உரியது. அயர்லாந்து இணைக்கப்பட்டதன் அடையாளமாக அரசருடைய கொடியில் மற்றொரு சிவப்புச் சிலுவை சேர்க்கப்பட்டது 1801 ஜனவரி 1-ஆம் நாள். ஆகவே அவ்வாண்டு பாஞ்சாலங்குறிச்சியின் முன்னே வந்து நின்ற வெள்ளையர், லண்டனில் அப்போதுதான் உருமாறிய ஒரு கொடிக்காகச் செத்தார்கள் என்று சொல்லலாம். புதிய கொடி அவர்கள் கைக்கு வந்து சேரக் கப்பலுக்கு அவகாசம் இருந்திராது.

இந்தச் சிவப்புச் சட்டைகளின் பக்கவாட்டில், சட்டையே இல்லாமல், எட்டயபுரத்தார் நின்றார்கள். எதிரிக்கும் அவர்களுக்கும் உடையில் யாதொரு வேற்றுமையும் இல்லை. ஒரு நாட்டார் இரு பிரிவாகப் பிரிந்து பொருகிற யுத்தங்களிலெல்லாம் இந்தத் தொல்லை உண்டு. அமெரிக்காவின் வடக்கு மாகாணங்களும் தெற்கு மாகாணங்களும் பொருத உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், ஊர்தோறும் தொண்டர்கள் தாமாகச் சேர்ந்து அமைத்த பட்டாளங்கள் தத்தம் மனம்போன உடையில் வந்தன. வடக்கே சிலர் சாம்பல் நிறமும் தெற்கே சிலர் நீல நிறமும் உடுத்தி வந்தார்கள். 1861 ஜூலை 21-ஆம் நாள் புல் ரன் என்னும் ஓடைக்கரையில் நடந்த முதற் பெரும்போரில், நீல உடை தரித்த வர்ஜீனியாப் பட்டாளம் ஒன்றைத் தன்னவர் என்று நம்பிய வடக்குப் பீரங்கிப்படை, சுடாமல் தயங்கி நின்று, பீரங்கிகளை இழந்தது. இரு தரப்புக் கொடிகளும் தூரத்தில் ஒன்றுபோலத் தோன்றிய குழப்பத்தினால்தான் தெற்கத்தியார் போர்க்களத்துக்கென்று வேறொரு கொடியை வகுத்துக்கொண்டார்கள். நமது கரிசலில் அவ்வளவு குழப்பம் நேர்ந்திராது. இங்கே ஒவ்வொரு கூட்டமும் ஒரே ஊரிலிருந்து, ஒரே சேர்வைக்காரரின் பின்னே, உறவின்முறையாகவே வந்தது. ஒருவன் முகத்தை ஒருவன் அறிவான். பகைவனுடைய முகத்தையும் அறிவான் என்பதுதான் இதில் கொடுமை.

எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் பகை மூண்டது கும்பினியால் மட்டுமன்று. அருங்குளம், சுப்பலாபுரம் ஆகிய கிராமங்கள் யாருக்குரியவை என்ற எல்லை வழக்கு நெடுநாளாகப் புகைந்துகொண்டிருந்தது. கும்பினி அதை ஊதிவிட்டது. பிற்காலத்தில் கூத்தும் கும்மியும் எழுந்து, ம.பொ.சிவஞானத்தின் நூலும் 1959-இல் திரைப்படமும் வந்து, கட்டபொம்மனின் கீர்த்தி நாடெங்கும் பரவியபோது, எட்டப்பன் என்ற பட்டப்பெயரே துரோகத்துக்குப் பெயராகிவிட்டது. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர்களோ புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள்! தொண்டைமான் பெயரைச் சொல்லி யாரும் யாரையும் ஏசுவதில்லை. தூரத்து மனிதன் செய்தது அரசியலாகவும், பக்கத்துக் காட்டுக்காரன் செய்தது துரோகமாகவும் நினைவில் நின்றுவிட்டன. எட்டயபுரத்துக்கும் சொல்வதற்கு ஒரு கதை இருந்தது. 1879-இல் சுவாமி தீட்சிதர் இயற்றிய வம்சமணி தீபிகை அந்த அரண்மனையின் வரலாறு. அதன் தமிழைச் செப்பனிட்டுத் தருவதாக 1919-இல் சுப்பிரமணிய பாரதியே அரண்மனைக்கு எழுதிக் கேட்டார், காரியம் கைகூடவில்லை. கைகூடியிருந்தால், தேசபக்தக் கவி இந்தப் பகுதியை எப்படி எழுதியிருப்பார் என்று எண்ணிப் பார்ப்பதில் எனக்கு ஒரு தனி ருசி உண்டு.

இனிக் கதைக்கு வருவோம். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட சில நாட்களுக்குள் கும்பினியின் மேஜர் பானர்மன் ஒரு பிரகடனம் செய்தார்: பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும், பாளையக்காரரோ அவர்களைச் சார்ந்தவர்களோ துப்பாக்கி, ஈட்டி முதலிய ஆயுதங்களை வைத்திருத்தல் கூடாது, மீறினால் மரணம். பாளையத்து வீரனுக்குச் சீருடையில்லை, அவனுடைய அடையாளமெல்லாம் அவன் ஆயுதமே என்று முன்னே சொன்னேன். ஆகவே இந்தப் பிரகடனம் ஒரே வீச்சில் ஒரு சேனை முழுவதையும் வெறும் சம்சாரிகளாக்கிவிடக் கருதியது. காகிதத்தில் அது நிறைவேறியும்விட்டது.

1801 பிப்ரவரி 2-ஆம் நாள் மாலை. பாளையங்கோட்டையில் கும்பினிப் படை அதிகாரி மேஜர் மெக்காலேயின் இல்லத்தில் விருந்து. பட்டாளம் சங்கரன்கோவிலில் பாளயமிறங்கியிருந்தது. சிறையில் இருந்த ஊமைத்துரைக்கும் அவன் சகோதரனுக்கும் அம்மை கண்டிருந்த காரணத்தால் விலங்குகள் அகற்றப்பட்டிருந்தன. பலவித வேஷங்களில் சிறையைச் சுற்றித் திரிந்துகொண்டிருந்த பாஞ்சாலங்குறிச்சியார், குறித்த நேரத்தில் காவலர் மீது பாய்ந்து, கைதிகளை மீட்டுக்கொண்டு மறைந்தார்கள். சிவப்புச் சட்டைக்காரன் இருட்டிலும் சிவப்புச் சட்டைக்காரன்தான். வேட்டியும் முண்டாசும் கட்டியவனோ நினைத்த கணத்தில் விறகு விற்பவனாகவும், பிச்சைக்காரனாகவும், யாத்திரிகனாகவும் ஆகிவிடக் கூடும். சீருடை இல்லாமையைப் படையின் குறையென்று கருதிய கும்பினி அதிகாரிகளுக்கு அன்றிரவு அதன் பலம் விளங்கியிருக்க வேண்டும்.

ஒரு வாரத்தில் மெக்காலே படை திரட்டிக்கொண்டு பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தார். தரைமட்டமாக்கப்பட்ட கோட்டை எழுந்து நின்றது. ஏறத்தாழ 500 அடி நீளமும் 300 அடி அகலமும் கொண்டு, 12 அடி உயர மண் மதிலும், சின்னஞ்சிறு சதுரக் கொத்தளங்களும், சுற்றிலும் முள்வேலியும் உடையதாக அதை வெல்ஷ் வருணிக்கிறார். பூமியில் எங்கே புதைந்து கிடந்தனவோ, ஈட்டிகளும் துப்பாக்கிகளும் ஆயிரக்கணக்கான கைகளில் மறுபடி தோன்றின. மெக்காலே பாளையங்கோட்டைக்குத் திரும்பிப் போனார். ஊமைத்துரையின் ஆட்கள் தூத்துக்குடியைக் கைப்பற்றி, அங்கிருந்த சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறித்துக்கொண்டு, அவர்களை உயிரோடு போகவிட்டார்கள். வெள்ளையரும் மறுக்காமல் ஒப்புக்கொண்ட பெருந்தன்மை இது.

இந்தச் சேனையை நடத்தியவன் பேசும் சக்தியற்றவன் என்பது உலக சரித்திரத்திலேயே அபூர்வமான விஷயம். மெலிந்த தேகமும் இளம் வயதும் உடைய ஊமைத்துரை கட்டளையிட்ட விதத்தை வெல்ஷ் கேட்டறிந்து எழுதியிருக்கிறார். இடது உள்ளங்கையில் சிறு சிறு துரும்புகளை வரிசையாக அடுக்குவானாம். அது கும்பினிப் பட்டாளம். நேரத்தையும் இடத்தையும் சைகையால் உணர்த்திவிட்டு, வலக்கையால் அத்துரும்புகளை ஒரே வீச்சில் துடைத்தெறிந்து, வாயால் சீறுவதுபோல் ஓர் ஒலி எழுப்புவானாம். அதுவே தாக்குதலுக்கு உத்தரவு. உத்தரவு கொடுத்தவனே முதல் வரிசையில் போவான். அவனைச் சாமியென்றே அந்த ஜனங்கள் அழைத்தார்கள்.

மார்ச் 31-ஆம் நாள் கோட்டை மீது முதல் பெருந்தாக்குதல் நடைபெற்றது. பீரங்கிகள் மதிலைப் பிளந்தன. வேலியைக் கடந்து வீரர்கள் பிளவின் மீது ஏறினார்கள். ஏறியவர் எவரும் உள்ளே இறங்கவில்லை. முன்னணியில் சென்ற ஐரோப்பியர் 120 பேரில் காயமின்றித் திரும்பியவர் 46 பேரே என்பது வெல்ஷ் தருகிற கணக்கு. எதிரி யாரும் கண்ணுக்குத் தென்படவேயில்லை. ஈட்டி முனைகள் மட்டும் பூமிக்குள்ளிருந்து மேலெழுந்தன. அன்றும் அடுத்தடுத்தும் மாண்ட வெள்ளையரின் கல்லறைகளை ஒட்டப்பிடாரத்தில் இன்றும் காணலாம். அதே பிளவின் கீழே மாண்ட எட்டயபுரத்தாருக்கும் பாஞ்சாலங்குறிச்சியாருக்கும் கல்லறை இல்லை; பெயர்ப்பட்டியலும் இல்லை. சீருடை தரித்தவனுக்கே சம்பளப் பதிவும் சாவுப் பதிவும் உண்டு.

பெரும் பீரங்கிகளும், 77-ஆவது பட்டாளமும், இலங்கையிலிருந்து வந்த மலாய்ப் படையும், குதிரைப்படையும் இதன் பின்னர் வந்து சேர்ந்தன. தலைமை கர்னல் அக்னியூவிடம் மாறியது. மே 24-ஆம் நாள், முன்னையினும் அகலமாக மதிலைத் தகர்த்து உள்ளே நுழைந்த பிறகுதான் மார்ச் மாதத்து மர்மம் துலங்கியது. கொத்தளங்களின் உட்புறம் முழுவதும் குடைந்து வெறுமையாக்கப்பட்டிருந்தது. மதிலின் உச்சியில் கால் ஊன்றி நிற்க இடமில்லை. கீழே குழியில், குண்டு படாத இடத்தில், பதினெட்டு இருபது அடி நீளமுள்ள ஈட்டிகளோடு ஆட்கள் நெருக்கமாக நின்று, உச்சியில் தலை தெரிந்தவனையெல்லாம் குத்தியிருக்கிறார்கள். கரிசல் மண்ணின் ஒட்டும் இயல்பையும், அந்த மண்ணைத் தோண்டிப் பழகிய கைகளையும் அறிந்த ஒருவனே இப்படியொரு கோட்டையை யோசித்திருக்க முடியும். பீரங்கிக் குண்டு கல்மதிலை நொறுக்குவதுபோல் இதை நொறுக்கவில்லை. உள்ளே புதைந்து போயிற்று.

கோட்டை விழுந்ததும் உள்ளிருந்தோர் சிதறி ஓடாமல், கூட்டமாக அணிவகுத்து வெளியேறினார்கள். குதிரைப்படை துரத்திச் சென்று வெட்டியது. அந்தக் கட்டற்ற வெட்டவெளியில் மறைவதற்கு ஒரு புதர் கிடையாது. ஊமைத்துரை படுகாயமுற்று, மூன்று மைலுக்கப்பால் ஒரு கிராமத்தருகில் பிணங்களோடு பிணமாக விழுந்தான். தன் மகனைத் தேடி அங்கே வந்த ஒரு தாய், அவனை இன்னும் மூச்சு இருக்கும் நிலையில் கண்டாள். தன்னை விட்டுவிட்டு அருகில் கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படி அந்த மகன் வேண்டிக்கொண்டான். அவளும் உடன் வந்த பெண்களும் ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சற்றைக்கெல்லாம் தேடிக்கொண்டு வந்தவர்கள் சிவப்புச் சட்டைக்காரர் அல்லர், எட்டயபுரத்தார். பெண்கள் அவன்மேல் துணியைப் போர்த்திவிட்டு ஒப்பாரி வைத்தார்கள். அம்மையில் மாண்ட பிள்ளை என்று சொன்னார்கள். கும்பினியின் சிப்பாய் என்றால் துணியை விலக்கிப் பார்த்திருப்பான் என்றே நினைக்கிறேன். அம்மை கண்ட வீட்டின் வாசலை மிதிக்கலாகாது என்பது எட்டயபுரத்து வீரனுக்கும் தாய்ப்பாலோடு வந்த சட்டம். அவர்கள் அஞ்சித் திரும்பிப் போனார்கள்.

புண் ஒருவாறு தேறியதும் ஊமைத்துரை எஞ்சிய ஆட்களோடு வடக்கே கமுதிக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கிருந்து மருது சகோதரர்கள் அவனைத் தங்கள் சிறுவயலுக்கு அழைத்துச் சென்று அடைக்கலம் கொடுத்தார்கள்; அடைக்கலம் கொடுத்ததற்காகக் கும்பினி அவர்கள்மீதும் போர் தொடுத்தது. ஜூன் மாதத்தில் திருச்சிராப்பள்ளிக் கோட்டை வாசலிலும் ஸ்ரீரங்கம் கோவில் மதிலிலும் சின்ன மருதுவின் அறிக்கை ஒட்டப்பட்டது. சிவப்புச் சட்டை போட்ட சிப்பாய்களையும் பெயர் சொல்லி அழைத்த அந்த அறிக்கையை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.